திருடன் வரும் இரவை ஆடிப் பார்க்க ஒரு விளையாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு முன்பும், தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் நாட்களிலும் ‘வீட்டைப் பூட்டிச் செல்வோர் கவனத்துக்கு’ என்று நாளிதழ்களில் அறிவுரைகள் வருகின்றன. நகையை லாக்கரில் வையுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். எல்லாமே சரியானவை. ஆனால் அத்தனையும் ஆள் இல்லாத வீட்டுக்கு உரியவை. பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ளே படுத்திருக்கும்போது மொட்டை மாடி வழியாக ஒருவன் இறங்கினால் என்ன செய்வது? அதற்கும் ஒரு பட்டியல் போடலாம்தான். ஆனால் இருட்டில் நெஞ்சு படபடக்கும்போது பட்டியல் எதுவும் நினைவுக்கு வராது. முன்பே செய்து பழகியது மட்டுமே வரும்.

இதைப் பழகுவதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: எழுத்து விளையாட்டு, அதாவது டெக்ஸ்ட் அட்வென்ச்சர். திரையில் நான்கு வரி வரும். ‘மாடிப்படியில் ஏதோ சத்தம். என்ன செய்வாய்?’ படிப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அல்லது தட்டச்சு செய்வார். கதை அதற்கேற்பத் திரும்பும். படமோ இசையோ கிடையாது. 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற அமெரிக்க நிரலாளர், தான் ஏறி இறங்கிய குகைகளை வைத்து இப்படி ஒன்றை எழுதினார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அரை நூற்றாண்டு கடந்தும் இந்த வடிவம் நிற்பதற்குக் காரணம், இதற்கு எழுத்தைத் தவிர வேறெதுவும் தேவையில்லை என்பதே. விலை குறைந்த போனிலும் இது ஓடும். ஒரே இரவை அரை மணி நேரத்தில் ஐந்தாறு முறை ஆடிப் பார்க்கலாம். முதல் முறை மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாம் முறை எங்கே தவறியது என்று புரியும்.

வடசென்னையின் வீடுகளை வைத்துத் தமிழில் இப்படி ஒரு விளையாட்டை உங்கள் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும், மாணவர்களை எழுதவைக்க ஒரு போட்டியும் நடத்த வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். இது ஒழுங்காகச் செய்யப்படாவிட்டால் தீங்கும் வரலாம். அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் வீடு. சினிமாவில் வரும் பங்களா வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள வரிசை வீடுகள் எப்படி இருக்கின்றன? தெருவாசலில் கிரில் கேட், உள்ளே குறுகலான நடை, நடையிலிருந்தே மேலே போகும் மாடிப்படி, அடுத்து கூடம், கூடத்தை ஒட்டி ஓர் அறை, அதன் பின் சமையலறை, கடைசியில் குளியலறையும் கழிப்பறையும் உள்ள பின்கட்டு. மேலே மொட்டை மாடி. அதற்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவு கைப்பிடிச் சுவர் மட்டும். ஆக எட்டு இடங்கள். பக்கத்து மாடியைச் சேர்த்தால் ஒன்பது. கட்டம் போட்ட தாளில் இதை வரைந்த பிறகே முதல் வரியை எழுத வேண்டும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எதற்கு உள்தாழ்ப்பாள், எதற்கு நாதாங்கியும் பூட்டும், எந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்பதையெல்லாம் அதே தாளில் குறித்துவிட வேண்டும். உங்கள் சொந்த வீட்டையோ தெரிந்தவர் வீட்டையோ அப்படியே வரையக் கூடாது. மூன்று நான்கு வீடுகளைக் கலந்து, எங்கும் இல்லாத ஒரு வீட்டைக் கட்டுங்கள். உண்மையான வீட்டின் வரைபடத்தை ஊருக்கே கொடுப்பது ஆபத்து.

ஆடுபவர் யார் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குப் போயிருக்க, ஆயாவோடும் (பாட்டி) ஆறு வயதுத் தம்பியோடும் அறையில் படுத்திருக்கும் பதினாறு வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆள் என்றால் ‘ஓடிவிடு’ என்பதோடு கதை முடிந்துவிடும். எழுப்ப வேண்டிய முதியவரும் தூக்க வேண்டிய குழந்தையும் இருக்கும்போதுதான் ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு வருகிறது.

அந்தக் கணக்குதான் விளையாட்டின் உயிர். ஒரு நகர்வு என்பது பத்து நொடி. மொத்தம் 36 நகர்வு, ஆறு நிமிடம். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விலை உண்டு. ஆயாவை எழுப்பிப் புரியவைக்க 2, தம்பியைத் தூக்க 1, கூடத்தைக் கடந்து நடைக்கு வர 2, கிரில் கேட்டின் பூட்டைத் திறக்க வெளிச்சத்தில் 1, இருட்டில் தடவித் திறக்க 3. அறைக் கதவைத் தாழிட 1. அழைப்பு இணைய 2, முகவரி சொல்ல 2.

மறுபக்கம் திருடனுக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. மாடி வழியாக வருபவன் என்றால், தொடக்கத்தில் மொட்டை மாடியில் ‘தொப்’ என்ற சத்தம். ஒன்றாம் நகர்விலிருந்து நான்கு வரை மாடிக் கதவோடு மல்லுக்கட்டுகிறான். ஐந்திலும் ஆறிலும் படியில் இறங்குகிறான். ஏழில் நடை. எட்டிலிருந்து பதின்மூன்று வரை கூடத்தில் போன், கைப்பை, டிவி ஸ்டாண்டின் இழுப்பறை. பதினான்கில் உங்கள் அறை வாசல்.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆயாவை எழுப்பி, தம்பியைத் தூக்கி, நடைக்கு வரும்போது ஐந்து நகர்வு முடிந்திருக்கும். சாவி கையில் இருந்து விளக்கையும் போட்டால் ஆறாவது நகர்வில் தெருவில் இருப்பீர்கள். விளக்கு போடாமல் தடவினால் எட்டு ஆகும். அவன் ஏழிலேயே நடைக்கு வந்துவிடுவான். சாவி கையில் இல்லாமல் கூடத்தில் தேடினால் இன்னும் மோசம். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த மூன்றாவது நிலைதான். இரவில் கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டுச் சாவியை டிவி ஸ்டாண்டிலோ பிரிட்ஜ் மேலோ போட்டுவிட்டுப் படுக்கிறோம். கள்ளனைத் தடுக்கப் போட்ட திண்டுக்கல் பூட்டு, வீட்டுக்காரரை உள்ளே அடைத்துவிடுகிறது. தீப்பிடித்தாலும் இதே கதிதான். ‘சாவியைப் படுக்கும் இடத்தில், ஜன்னலிலிருந்து எட்டாத இடத்தில் வையுங்கள்’ என்று நூறு முறை அச்சிட்டாலும் பதியாதது, இந்த விளையாட்டில் இரண்டு முறை நடையில் மாட்டிக்கொண்டால் பதியும்.

வெளியே ஓடுவது ஒன்றே வழி என்றும் ஆகிவிடக் கூடாது. அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, ஆயாவை எழுப்பி, அவசர எண்ணுக்குப் பேசி முடிக்க ஏழு நகர்வு போதும். அவன் அறை வாசலுக்கு வர இன்னும் ஏழு நகர்வு இருக்கும். அவன் பின்கட்டு வழியாக வந்தால் சமையலறையும் கூடமும் அவன் பாதையில் இருக்கும், தெருவாசல் காலியாக இருக்கும். கணக்கு அப்படியே மாறும். ஆகவே ‘சத்தம் எங்கிருந்து வருகிறது’ என்று ஒரு நகர்வு செலவழித்துக் கேட்பவருக்கு அதற்கான பலன் கிடைக்கும்படி எழுத வேண்டும். படுக்கையை விட்டு எழும் முன் அந்தப் பத்து நொடியைக் கொடுப்பவர்களுக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதாவது தெரிந்திருக்கும்.

திருடனின் நடத்தையைப் பகடைக்கு விடுவதுதான் புதிதாக எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு. ‘நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, பிடித்துவிடுவான்’ என்று போட்டுவிட்டால், ஆடுபவர் சரியாகச் செய்தும் தோற்பார், அசட்டுத்தனம் செய்தும் ஜெயிப்பார். அடுத்த முறை எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப ஆடவைப்பது வேறு, சூதாடவைப்பது வேறு. தொடக்க நிலையை மட்டும் மாற்றுங்கள். வரும் வழி மூன்று: மாடி, பின்கட்டு, தெருவாசல். வருபவர் ஒருவர் அல்லது இருவர். உங்கள் போன் தலைமாட்டில், அல்லது கூடத்தில் சார்ஜில். மூன்று, இரண்டு, இரண்டைப் பெருக்கினால் 12 வகை இரவுகள். முதல் மூன்று ஆட்டத்துக்கு ஒரே இரவைக் கொடுத்து, பிறகு மாற்றுங்கள். ஒரு இரவு தொடங்கிவிட்டால் அதற்குள் எல்லாம் விதிப்படியே நடக்க வேண்டும்.

விதிகளில் முக்கியமானது சத்தம். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் கொடுங்கள்: கிசுகிசுப்பு 1, துருப்பிடித்த தாழ்ப்பாள் 2, எவர்சில்வர் குடம் விழுந்தால் 4, கத்தினால் 5. ஓர் இடம் தாண்டினால் ஒன்று குறையும். நடுவில் மூடிய கதவு இருந்தால் இன்னொன்று குறையும். அவன் காதுக்கு 2 எட்டினால் இரண்டு நகர்வு அசையாமல் நின்று கேட்பான். 4 எட்டினால் முடிவெடுப்பான். சமையலறையில் குடம் விழுந்தால் கூடத்தில் இருப்பவனுக்கு 3, மாடிப்படியில் இருப்பவனுக்கு 1. அதே விதி உங்களுக்கும் பொருந்தும். மின்விசிறி வேகமாகச் சுற்றினால் நீங்கள் கேட்பதில் ஒன்று குறையும், ஏசி போட்டுக் கதவை மூடியிருந்தால் இரண்டு. ஏசி அறையில் தூங்குபவருக்கு ‘தொப்’ சத்தம் கேட்காது. படியில் கால் வைத்த பிறகே விழிப்பு வரும். இதையும் ஒரு தொடக்க நிலையாகச் சேர்க்கலாம்.

முடிவெடுப்பான் என்றோமே, எப்படி? அவன் வந்த வழி திறந்திருந்தால் ஓடுவான். அந்த வழியில் நீங்கள் நின்றால் உங்கள் மேல் பாய்வான். இந்த ஒரே விதி போதும். விளக்கு போட்டதும் படியில் நிற்பவன் திரும்பி மாடிக்கு ஏறுவதும், நடையில் குறுக்கே நின்று ‘யார்ரா அது?’ என்று அதட்டியவர் அடிபடுவதும் இதிலிருந்தே தானாக வரும். வீரத்தை நம்பி வழி மறிப்பவர்கள்தான் காயப்படுகிறார்கள். குத்துச்சண்டை ஊறிய பகுதி நம்முடையது. இளைஞர்கள் முதல் ஆட்டத்தில் கண்டிப்பாகச் சண்டை போடுவார்கள். போடட்டும். அதற்கான பக்கங்களையும் உண்மையாக எழுதி வையுங்கள். வளையத்துக்குள் எதிராளியின் கையில் இரும்புக் கம்பி இருக்காது, இருட்டிலும் யாரும் சண்டை போடுவதில்லை.

மிளகாய்ப்பொடியும் இப்படித்தான். விசிறி ஓடும் அறையில் தூவினால் அது உங்கள் கண்ணுக்கும் ஆயாவின் மூச்சுக்கும் வரும். அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதை எடுக்கச் சமையலறைக்குப் போய்வரும் நான்கு நகர்வில் தம்பி அறையில் தனியாகக் கிடப்பான். ஆயுதம் எடுக்காதே என்று போதிக்க வேண்டியதில்லை. நகர்வுக் கணக்கைச் சரியாக வைத்தால் விளையாட்டே சொல்லிவிடும்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ‘அந்த நேரத்தில் அவன்’ என்று ஒரு பக்கம் வர வேண்டும். நகர்வு 3: நீ ஆயாவை எழுப்பினாய், அவன் மாடிக் கதவில். நகர்வு 5: நீ நடையில், அவன் படியில். இப்படி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அடுத்த ஆட்டத்தில் எதை மாற்றுவது என்று தெரியும். இந்தப் பக்கம் இல்லாத விளையாட்டுகளை இரண்டாம் முறை யாரும் தொடுவதில்லை. ஒரு எச்சரிக்கை: மாடிக் கதவை அவன் எப்படித் திறந்தான் என்ற தொழில்நுட்பத்தை எங்கும் விளக்க வேண்டாம். ‘நான்கு நகர்வில் திறந்தான்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

அவசர அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எண் 112; பழைய 100-உம் இருக்கிறது. தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ செயலியிலும் அவசரப் பொத்தான் உண்டு. விளையாட்டில் கற்பனை எண் எதையும் போடக் கூடாது, ஏனென்றால் பிள்ளைகள் திரையில் பார்த்ததைத்தான் அழுத்துவார்கள். அதே காரணத்தால், திரையில் உள்ள எண்ணைத் தொட்டால் உண்மையிலேயே அழைப்பு போய்விடாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில போன் உலாவிகள் எண்ணைக் கண்டால் தாமே இணைப்பாக்கிவிடும். அதை நிறுத்த, இணையப் பக்கத்தின் நிரலான எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் ஒரு வரி போதும்.

முகவரியை ஆடுபவரே கோத்துச் சொல்லும்படி வையுங்கள். சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரே தெருவில் ஒருவரின் பழைய எண் இன்னொருவரின் புதிய எண்ணாக இருக்கும். தெருவின் பெயரோடு ‘2வது சந்து’, ‘3வது சந்து’ என்று வேறு கிளைக்கும். ‘பழைய வண்ணாரப்பேட்டைல கோயில் பக்கத்துல வாங்க சார்’ என்று பதற்றத்தில் சொன்னால் எந்தக் கோயில் என்று எதிர்முனையில் கேட்பார்கள். அதற்கு மூன்று நகர்வு போகும். சரியான வரிசை இது: முதலில் வீட்டு எண், புதியதா பழையதா என்று சேர்த்து, பிறகு சந்து, தெரு, பகுதி, பிறகு அடையாளம் ஒன்று, அதன் பிறகே நடப்பது என்ன என்பது. இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேச முடியாத நிலையில் இணைப்பை வெட்டாமல் போனைக் கவிழ்த்து வைப்பதும் ஒரு தேர்வாக இருக்கட்டும். இதற்காக மட்டும், ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆடுபவர் தன் வீட்டு முகவரியைத் தானே தாளில் எழுதி வைக்கும்படி ஒரு பக்கம் கேட்கலாம். திரையில் தட்டச்சு செய்யச் சொல்லவோ எங்கும் சேமிக்கவோ கூடாது.

ரோந்து வண்டி இத்தனையாவது நகர்வில் வரும் என்று உறுதி கொடுத்துவிடாதீர்கள். கொருக்குப்பேட்டை பக்கம் ரயில்வே கேட் விழுந்திருந்தால் எந்த வண்டியும் நின்றுதான் வர வேண்டும். ஆகவே ‘போலீஸ் வந்தது, பிழைத்தாய்’ என்பதை வெற்றியாக வைக்கக் கூடாது. உங்களுக்கும் அவனுக்கும் நடுவே பூட்டிய கதவு ஒன்று இருக்கிறதா, அல்லது நீங்கள் மூவரும் வெளியே இருக்கிறீர்களா என்பதே அளவுகோல். நகை போனாலும் அது வெற்றிதான். இதைத் தயங்காமல் திரையில் எழுதுங்கள், ஏனென்றால் பீரோவைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர்களைப் பற்றி உங்கள் நாளிதழிலேயே படிக்கிறோம்.

அக்கம்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. வரிசை வீட்டின் பெரிய பலம் பொதுச் சுவர்தான். அறைச் சுவரில் கரண்டிக் காம்பால் தட்டினால் மறுபுறம் படுத்திருப்பவர் தலைமாட்டில் கேட்கும். சத்தக் கணக்கில் சுவருக்கு 2 குறையுங்கள். தூங்குபவர் விழிக்க 3 வேண்டும். கத்தல் 5 என்பதால் அது பக்கத்து வீட்டை எழுப்பும். இடத்தைப் பொறுத்து இது மாறலாம். காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் விடியலுக்கு வெகு முன்பே கடலுக்குப் போகிறவர்களும் மீன் எடுக்கப் போகிறவர்களும் நடமாடுவார்கள். இரவு மூன்று மணிக்குக் கத்தினாலும் ‘இன்னாமே, இன்னா ஆச்சு?’ என்று கேட்க ஆள் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீட்டில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் அதே கத்தல் அமுங்கிப்போகும். ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் வெளியேற வாசல் ஒன்றுதான், மாடிப்படி பொது. மூன்று மாணவர்கள் மூன்று பகுதியை வைத்து எழுதினால் மூன்று வேறு விளையாட்டுகள் கிடைக்கும்.

சட்டத்தையும் சரியாக வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவலர்களின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது. விளையாட்டில் அந்தத் தேர்வு கண்டிப்பாக வர வேண்டும்: தெரு கூடிவிட்டது, அவன் விழுந்து கிடக்கிறான், யாரோ கட்டையை உங்கள் கையில் கொடுக்கிறார்கள். அடித்தால், அந்த ஆட்டம் காவல் நிலையத்தில் உங்கள் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் எழுதப்படுவதோடு முடியட்டும்.

விடிந்த பிறகும் நான்கு பக்கம் வேண்டும். பொருள் இறைந்து கிடப்பதைப் பார்த்ததும் கூட்டிப் பெருக்கத்தான் கை போகும். பீரோ கைப்பிடியைத் துடைத்தால் விரல் ரேகை போய்விடும். எதையும் தொடாமல் படம் எடுத்து, காணாமல் போனவற்றை எழுதி, புகார் கொடுக்க வேண்டும். எல்லை தங்களுடையது அல்ல என்று எந்த நிலையமும் புகாரைத் திருப்பக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு எந்த நிலையத்திலும் புகார் கொடுக்க இடம் தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். போன் திருடுபோயிருந்தால் மத்திய அரசின் சிஇஐஆர் இணையதளத்தில் அதை முடக்கலாம். அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் தேவை. ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் அந்த எண்ணை முன்பே எழுதி வைத்தவரா என்று விளையாட்டு கேட்கட்டும்.

இனி செய்முறை. இலவசக் கருவிகள் உள்ளன. ட்வைன், இங்க் இரண்டிலும் தேர்ந்தெடுக்கும் வகையை எழுதலாம். இன்ஃபார்ம் 7 தட்டச்சு செய்யும் வகைக்கானது, ஆனால் ஆங்கில இலக்கணத்தை வைத்துக் கட்டப்பட்டது. போனில் ஆடுபவர்களுக்கு ட்வைனையே பரிந்துரைக்கிறோம். முடிவில் ஒரே எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும், படங்கள் இல்லாவிட்டால் ஒரு எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அப்படித் திறக்கும்போது சில போன்களில் சேமித்த ஆட்டம் தங்காது. ஆகவே சேமிக்கவே தேவையில்லாதபடி ஆட்டத்தை எட்டு நிமிடத்துக்குள் வையுங்கள்.

கிளைகளை எழுதிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு தேர்வு உள்ள பத்து இடம் வந்தால் 1,024 முடிவுகள் ஆகும், பாதியில் கைவிடுவீர்கள். இடங்களையும் நிலைகளையும் பிரித்து வையுங்கள். நகர்வு, அவன் இடம், உன் இடம், சாவி, போன், விளக்கு, ஆயா விழித்தாரா, தம்பி இடுப்பிலா, அறைக் கதவு, அழைப்பு எந்த நிலையில் என்று பத்துப் பன்னிரண்டு மாறிகள் போதும். அறுபது பக்கங்களில் முழு விளையாட்டும் முடியும். நகர்வைக் கூட்டும் வரியும் திருடனை நகர்த்தும் வரியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக எழுதினால் ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும், அந்த அறையில் மட்டும் நேரம் நின்றுவிடும். அதிகம் வரும் பிழை இதுதான்.

தட்டச்சு வகையை விரும்புவோருக்குத் தமிழ் ஒரு வசதி செய்கிறது. வினை கடைசியில் வருவதால் கடைசிச் சொல்லை முதலில் படித்தால் போதும். ‘பூட்டைப் பூட்டு’ என்றாலும் குழப்பம் இல்லை. கதவை, கதவைத், கதவுல, வீடு, வீட்டை, வூட்டை என்று வடிவங்கள் மாறுவதற்கு விதி எழுத முயலாதீர்கள். நாற்பது பொருளுக்கும் ஆறேழு வடிவங்களை அட்டவணையாகப் போட்டு, சொல் இறுதியில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். ‘தொற’, ‘ஓட்று’ போன்ற பேச்சு வழக்கையும், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி: ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், நிரலுக்கு வேறு வேறு. ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் கட்டளையால் இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் விழும் தட்டச்சுப்பொறி விளைவைப் பலர் விரும்புகிறார்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே போட்டால் தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக விழுந்து துள்ளும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டர் கொண்டு முழு எழுத்தாகப் பிரித்துக் காட்டலாம். இந்த விளையாட்டுக்கு அது தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. ஐந்தாம் முறை ஆடுபவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. அதே காரணத்தால், ஒவ்வொரு இடத்துக்கும் முதல் முறைக்கு ஐம்பது சொல் விவரிப்பும், அடுத்த ஆட்டங்களுக்குப் பத்துச் சொல் சுருக்கமுமாக இரண்டு எழுதி வையுங்கள்.

திருடனுக்கு ஊரும் சாதியும் மொழியும் கொடுக்காதீர்கள். அவன் பேசவே வேண்டாம். வடசென்னை என்றாலே கத்தியும் கஞ்சாவும் என்று திரையில் காட்டிக் காட்டி, இந்தப் பகுதி முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காத நிலைக்கு இளைஞர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை தேடி வந்த வடமாநிலத்தவர் மேல் பழி போடும் வதந்திகளும் போதுமான அளவு பரவிவிட்டன. இந்த விளையாட்டும் அதில் சேரக் கூடாது. காலடி, நிழல், டார்ச் வெளிச்சம், மூச்சு, இவை போதும். குழந்தைக்குக் காயம், பாலியல் வன்முறை, ரத்த வர்ணனை எதுவும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் ‘இந்த ஆட்டம் இத்தோடு முடிந்தது’ என்று நிறுத்தி, நேர அட்டவணையைக் காட்டினால் போதும். உண்மையிலேயே இப்படி ஒரு இரவைக் கடந்தவர்கள் தவிர்க்கும்படி முதல் பக்கத்திலேயே பொருள் இன்னது என்று சொல்லிவிடுங்கள்.

போட்டி வைத்தால் இந்த வரம்புகளைக் கேட்டுக்கொள்கிறோம். கோப்பு ஒரு எம்பிக்குள், ஓர் ஆட்டம் எட்டு நிமிடத்துக்குள், இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். 12 தொடக்க இரவுகளிலும் பிழைக்கக் குறைந்தது இரண்டு வழி வேண்டும். அவற்றில் ஒன்றாவது போன் இல்லாமல் நடக்க வேண்டும். வரைபடத் தாளையும் திருடனின் நேர அட்டவணையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நடுவர்களில் அந்தந்தப் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து ஒருவரும், இல்லத்தரசி ஒருவரும், அறுபது வயதைத் தாண்டிய ஒருவரும் இருப்பது நல்லது. அவர்கள் ஆடும்போது எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். எங்கே விரல் நிற்கிறதோ அந்த வரிதான் திருத்த வேண்டியது.

கணினி இல்லாத பிள்ளைகளுக்கு இடமும் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளின் கணினி அறைகள், கிளை நூலகங்கள், படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும், 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்றவற்றில் வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு விடுமுறைக்குள் ஒரு குழு ஒரு விளையாட்டை முடித்துவிடும். கோடை விடுமுறை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது அறிவிப்பு வந்தால்தான் பள்ளிகள் அனுமதி வாங்க நேரம் இருக்கும். நடுவர் பணிக்கும், ட்வைன் சொல்லிக்கொடுக்கவும், வரும் கோப்புகளைச் சரிபார்க்கவும் நாங்கள் ஊதியம் இன்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழில் எழுத்து விளையாட்டு அமைக்கும் நண்பர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21